சிவப்பு வண்டியும் சில ஆயிரம் ஃபிலிம் சுருளும்

2008-ல ஒரு செப்டம்பர் சனிக்கிழமை. சான் டியேகோவின் சான்டா ஃபே டெப்போ ஸ்டேஷன். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பசிஃபிக் சர்ஃப்லைனர் ரயிலில் வந்து இறங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது. தங்கமணி பெட்டி மேல உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, கடலைப் பார்க்க வந்தோமா, தண்டவாளத்தைப் பார்க்க வந்தோமா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாயிற்று. நான் கேமராவும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

இந்த ஸ்டேஷனில் ஒரு வசதி. ஒரு பக்கம் நாங்கள் வந்த இரண்டு மாடி ரயில் நிற்கிறது. பக்கத்திலேயே இன்னொரு ஜோடி தண்டவாளத்தில் சிவப்பு நிற டிராலி வண்டிகள் வந்து போகின்றன. பெரிய ரயிலையும் சின்ன ரயிலையும் ஒரே படத்தில் பிடித்துவிடலாம். நானும் வந்த வண்டி போற வண்டி எல்லாத்தையும் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபது வயசுக்குக் குறையாது, கழுத்தில் பழைய ஃபிலிம் கேமரா. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கிட்ட வந்தார்.

"வண்டி நம்பர் விழுந்துதா?"

காட்டினேன். விழவில்லை. நம்பர் இருந்த இடத்தில் ஒரு விளக்குக் கம்பம். இன்னொரு படத்தில் அதே கம்பம் வண்டியின் தலையில் முளைத்திருந்தது. பெரியவர் சிரிக்கவில்லை, டாக்டர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். நம்பர் தெரியணும், சக்கரம் தெரியணும், சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கணும், அவ்வளவுதான் என்றார். அப்புறம் சிவப்பு வண்டியைக் காட்டி, "இதை நல்லா எடுத்து வச்சுக்குங்க. இன்னும் கொஞ்ச வருஷம்தான்" என்றார்.

எனக்கு அது புரியவில்லை. ஓடிக்கிட்டிருக்கிற வண்டி, ஜனம் ஏறி இறங்குது, இதுல என்ன கொஞ்ச வருஷம்? சும்மா "சரிங்க" என்றேன்.

இப்போது அந்தப் படங்களை எடுத்துப் பார்க்கும்போதுதான் அந்தப் பெரியவர் சொன்னதன் கனம் தெரிகிறது. அந்த வண்டியோட கதை கொஞ்சம் சுவாரசியமானது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சான் டியேகோவில் பழைய டிராம்கள் 1949 ஏப்ரலிலேயே நின்றுபோய்விட்டன. அதற்கப்புறம் முப்பது வருஷம் அந்த ஊரில் பஸ்தான், கார்தான். 1976 செப்டம்பரில் கேத்லீன் என்ற புயல் வந்து, சான் டியேகோவிலிருந்து பாலைவனம் வழியாகக் கிழக்கே போகும் சரக்கு ரயில் பாதையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாதைக்குச் சொந்தக்காரரான சதர்ன் பசிஃபிக் கம்பெனி, இதைச் சரிபண்ணக் கட்டுப்படியாகாது, கைவிட்டுவிடுகிறோம் என்றது. ஊர்க்காரர்கள் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. 1979-ல் அந்த ரயில்வேயை விலைக்கு வாங்கி, ஊருக்குள் கிடந்த பகுதியைச் செப்பனிட்டு, மேலே மின்கம்பி இழுத்து, 1981 ஜூலை 26-ந் தேதி மெக்ஸிகோ எல்லை வரை டிராலி ஓட்டிவிட்டார்கள். சுமார் 25 கிலோமீட்டர். செலவு 8 கோடியே 60 லட்சம் டாலர். இதில் மத்திய அரசுப் பணம் ஒரு டாலர்கூடக் கிடையாது. பகலில் டிராலி, ராத்திரி டிராலி தூங்கினபிறகு அதே பாதையில் சரக்கு ரயில். வீட்டு முன்ரூமை பகலில் டியூஷன் சென்டருக்கு விட்டு, ராத்திரி பாயை விரித்துப் படுக்கிற நம்மூர் சாமர்த்தியம்!

'லைட் ரயில்' என்ற பேரே 1972-ல்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. டிராம் என்று சொன்னால் பழசு, செத்துப்போனது என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள். அதனால் புதுப் பெயர். வட அமெரிக்காவில் இந்த வகையில் முதலில் ஆரம்பித்தது கனடாவின் எட்மன்டன், 1978. அப்புறம் கால்கரி, 1981 மே. அதற்கு இரண்டு மாசம் கழித்து சான் டியேகோ. மூன்று ஊரும் ஒரே ரக வண்டியைத்தான் வாங்கின. ஜெர்மனியின் டூவாக் கம்பெனி, ஃபிராங்ஃபர்ட் நகரத்துக்காக 1968-ல் விட்ட யூ2 என்ற மாடல். உயரமான தளம். சான் டியேகோவில் நடைமேடை தாழ்வு என்பதால் வண்டிக்குள்ளேயே படி ஏறணும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு முன் வாசலில் ஒரு லிஃப்ட். அது இறங்கி, ஏறி, மடங்கி முடிவதற்குள் நாம் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம்.

அந்த லிஃப்ட்தான் அந்த வண்டிகளுக்கு எமன். தாழ்தள வண்டிகள் வந்தன, படியில்லை, லிஃப்ட் இல்லை, சக்கர நாற்காலி நேரா உருண்டு உள்ளே போகலாம். 2015-க்குள் சான் டியேகோவின் 71 யூ2 வண்டிகளும் சேவையிலிருந்து போய்விட்டன. நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? ஆனால் 2008-ல் நான் கம்பத்தோடு சேர்த்து எடுத்த அந்த மோசமான படம் ஏழே வருஷத்தில் சரித்திரம் ஆகிவிட்டது. நம்பர்தான் தெரியவில்லை :-(

ஒரு ஆறுதல். அந்த வண்டிகளில் ஒரு பகுதி அர்ஜென்டினாவின் மென்டோசா நகரத்துக்குப் போனது. 2012-ல் அங்கே ஆரம்பித்த டிராம் சேவைக்குப் பழைய சான் டியேகோ சிவப்பு வண்டிகள்தான் மாப்பிள்ளை. இந்த அர்ஜென்டினாவை ஞாபகம் வச்சுக்குங்க, மறுபடி வரும்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அவரோடு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். தங்கமணி தனியாகப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தாச்சு. சின்னப் பையனாக லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவராம். அவர் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைச் 'சிவப்பு வண்டி'யில் லாங் பீச்சுக்குக் கூட்டிப் போவாராம். அப்பாவிடம் ஒரு பெட்டி கேமரா. அதில் ஆரம்பித்த வியாதிதான் இது என்றார்.

அந்தச் சிவப்பு வண்டி என்பது பசிஃபிக் எலெக்ட்ரிக் ரயில்வே. ஹென்றி ஹன்டிங்டன் என்ற தனவந்தர் 1901-ல் ஆரம்பித்தது. லாங் பீச் பாதை 1902 ஜூலை 4-ந் தேதி திறந்தது. உச்சத்தில் இருந்தபோது இந்தக் கம்பெனியின் மின்சாரப் பாதைகள் 1,600 கிலோமீட்டருக்கு மேல். இன்றைக்கு லாஸ் ஏஞ்சலஸ் என்றால் எட்டு வழிச் சாலையும் டிராஃபிக் ஜாமும்தானே ஞாபகம் வருது? அந்த ஊர் இப்படிக் கை கால் நீட்டிப் படுத்துக் கிடப்பதற்குக் காரணமே இந்த ரயில்தான். ஹன்டிங்டனுக்கு ரயில் பெட்டியில் கிடைத்த காசைவிட, ரயில் போன இடத்தில் மனை போட்டு விற்றதில் கிடைத்த காசு அதிகம். முதலில் தண்டவாளம், அப்புறம் பிளாட், அப்புறம் ஊர். நம்ம பக்கம் பஸ் ஸ்டாண்ட் வரப்போகுதுன்னு சொல்லி மனை விற்பாங்களே, இவர் நிஜமாவே ரயிலை விட்டுட்டு வித்தார்.

1911-ல் ஹன்டிங்டன் தன் பங்கை சதர்ன் பசிஃபிக்கிடம் விட்டுவிட்டு விலகினார். கார் பெருகியது. தெருவில் ஓடிய வண்டிகள் காருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றன. யுத்த காலத்தில் பெட்ரோலும் டயரும் ரேஷன், அப்போது மட்டும் கூட்டம் அலைமோதியது. யுத்தம் முடிந்ததும் மறுபடி இறங்குமுகம். 1953-ல் பயணிகள் சேவை ஒரு பஸ் கம்பெனி கைக்குப் போனது, 1958-ல் அரசு ஆணையத்தின் கைக்கு. ஹாலிவுட் பக்கத்துக்கான சுரங்கப்பாதை 1955 ஜூனில் மூடப்பட்டபோது கடைசி வண்டியில் 'மறதிக்குள்ளே' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு பதாகையைக் கட்டி அனுப்பினார்கள். கடைசியாக மிச்சம் இருந்தது முதலில் திறந்த அதே லாங் பீச் பாதை. அதுவும் 1961 ஏப்ரல் 9-ந் தேதியோடு நின்றது.

இந்தப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில்தான் நம்ம பெரியவர் மாதிரி ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது இவர்களைப் பற்றித்தான். ஹன்டிங்டனுக்குச் சிலை வைக்க ஆள் இருக்கு, இவங்களுக்கு யார் இருக்கா?

1930-களிலேயே அமெரிக்காவில் ரயில் படம் எடுக்கிறவர்கள் ஒரு ஜாதியாகத் திரண்டுவிட்டார்கள். 616 என்ற அளவு ஃபிலிம்தான் இவர்களுக்குள் செலாவணி. நீ ஒரு நெகட்டிவ் கொடு, நான் ஒண்ணு தரேன் என்று தபாலில் பண்டமாற்று. எல்லோரும் ஒரே அளவில் எடுத்தால்தான் இந்த வியாபாரம் நடக்கும். படம் எப்படி இருக்கணும் என்பதற்கும் எழுதாத சட்டம் இருந்தது. வண்டி நிற்கணும். வெயில் பக்கவாட்டில் விழணும். முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரிகிற மாதிரி முக்கால் கோணம். நீராவி எஞ்சின் என்றால் சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் கீழே இறங்கிய நிலையில் இருக்கணும், அப்போதுதான் சக்கரத்தின் ஆரங்கள் மறைக்காமல் தெரியும். தண்டு மேலே நிற்கும்போது எடுத்த படத்தை நெகட்டிவ் சந்தையில் மதிக்க மாட்டார்களாம். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போல் பார்த்திருக்கிறார்கள்!

கலைக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அலுப்பான படங்கள்தான். ஆயிரம் படம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அந்த ஒரே மாதிரி இருப்பதுதான் பிற்காலத்தில் உபயோகப்பட்டது. ஒரே வண்டியை, ஒரே கோணத்தில், 1938-லும் 1947-லும் 1956-லும் எடுத்த படங்களை வரிசையாக வைத்தால், எப்போது ஜன்னலை மாற்றினார்கள், எப்போது பெயின்ட் மாறியது, எந்த வருஷத்திலிருந்து கழுவுவதை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் தெரிந்துபோகும்.

கோடாக்ரோம் கலர் ஃபிலிம் 35 மில்லிமீட்டரில் 1936-ல் வந்தது. அதன் வேகம் ஏ.எஸ்.ஏ. 10 அளவுதான். கேமரா தெரிஞ்சவங்களுக்குப் புரியும், உச்சி வெயிலில் லென்ஸை நன்றாகத் திறந்து வைத்தால்கூட 1/200 நொடி தாண்டுவது கஷ்டம். ஓடுகிற ரயிலைக் குறுக்காக எடுத்தால் கோடுதான் விழும். நம்மை நோக்கி வருகிற ரயில் படச்சட்டத்துக்குள் அவ்வளவு நகராது, அதனால் முக்கால் கோணத்தில் தப்பிக்கலாம். அந்தக் கோணம் வெறும் சம்பிரதாயம் இல்லை, பாதி ஃபிலிமின் கட்டாயம்.

இதற்காகவே சுற்றுலா ரயில்கள் விட்டிருக்கிறார்கள். ரசிகர் சங்கம் ஒரு சிவப்பு வண்டியை வாடகைக்கு எடுக்கும். சாதாரணமாகப் பயணி வண்டி போகாத கிளைப் பாதைகளுக்கெல்லாம் போவார்கள். நல்ல வெளிச்சம் உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கி வரிசையாக நிற்பார்கள். காலி வண்டி பின்னால் போய், மறுபடி வேகமாக வந்து அவர்களைக் கடந்து போகும். எல்லோரும் 'க்ளிக்'. மறுபடி ஏறி அடுத்த இடம். கோட்டும் டையும் தொப்பியுமாக நாற்பது பேர் புதர்க்காட்டில் வரிசை கட்டி நிற்கிற படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். வரிசையைத் தாண்டி ஒருத்தன் முன்னாடி போய்ட்டான்னா அவனுக்கு விழுகிற திட்டு இருக்கே, அது எந்தப் படத்திலும் பதிவாகவில்லை.

சரி, இதனால் என்ன லாபம்? இதுக்குத்தான் அந்தப் பிரபலமான பழைய இரும்புக்கடைப் படத்துக்கு வரணும்.

1956-ல் எடுத்த பத்திரிகைப் படம் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் டெர்மினல் ஐலண்ட் என்ற இடத்தில், உடைப்பதற்காகக் கொண்டுவந்த சிவப்பு வண்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், தீப்பெட்டி மாதிரி. பார்த்தால் வயிறு பகீர் என்கும். இந்தப் படத்தைப் போட்டு, கீழே "கார் கம்பெனிகள் சதி செய்து ரயிலைக் கொன்றன" என்று எழுதிவிடுவார்கள். 1988-ல் வந்த 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தின் கதையே இந்தச் சதிதான்.

சதி முழுப் பொய் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன் முதலிய கம்பெனிகள் முதலீடு செய்த நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற நிறுவனம் ஊர் ஊராக டிராம் கம்பெனிகளை வாங்கியது உண்மை. பஸ், டயர், எரிபொருள் விற்பனையை ஏகபோகமாக்கச் சதி செய்ததாக 1949-ல் நீதிமன்றத்தில் தண்டனையும் ஆனது. கம்பெனிக்கு 5,000 டாலர் அபராதம், அதிகாரிகளுக்கு ஆளுக்கு 1 டாலர். அந்த ஒரு டாலரைக் கட்ட எந்த அதிகாரியும் கஷ்டப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த நிறுவனம் 1945-ல் லாஸ் ஏஞ்சலஸில் வாங்கியது ஊருக்குள் ஓடிய மஞ்சள் வண்டிகளை. அடுக்கி வைத்த படத்தில் இருப்பது சிவப்பு வண்டி, அது வேற கம்பெனி.

சிவப்பு வண்டி எப்படிச் செத்தது என்று தெரியணும்னா அந்த ஒற்றைப் படம் போதாது. ரசிகர்கள் எடுத்த அலுப்பான படங்கள் வேணும். அதில் இருக்கு எல்லாம். முன்னாலும் பின்னாலும் கார் அடைத்துக்கொண்டு நகர முடியாமல் நிற்கிற வண்டி. தண்டவாளத்துக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல். யுத்தத்துக்கு முன்னாடியே ஸ்டேஷன் வாசலில் அதே கம்பெனியின் பஸ். சாயம் போன பலகை. நோயாளி முப்பது வருஷம் படுக்கையில் கிடந்திருக்கிறார், பத்திரிகைக்காரர் வந்தது சுடுகாட்டுக்கு மட்டும். இதுல யார் படம் பொய், யார் படம் உண்மைன்னு நான் சொல்ல வரலை. ஆனா ஒரு பத்திரிகைப் படத்தை வெச்சு மட்டும் சரித்திரம் எழுதினா இப்படித்தான் ஆகும்.

எல்லா வண்டியும் அந்தக் குவியலுக்குப் போகவில்லை என்பதும் ரசிகர்கள் சொல்லித்தான் பலருக்குத் தெரியும். 'ஹாலிவுட்' ரக வண்டிகளில் சில 1950 வாக்கில் கப்பலேறி புவனோஸ் அய்ரெஸ் போய் அங்கே ஓடின. அர்ஜென்டினாவை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே! கலிஃபோர்னியாவின் பழைய சிவப்பு வண்டிக்கும் புதுச் சிவப்பு வண்டிக்கும் அறுபது வருஷ இடைவெளியில் ஒரே நாட்டில் மறுவாழ்வு. வேறு சிலவற்றை ரசிகர்களே காப்பாற்றினார்கள். 1956-ல் அவர்கள் ஆரம்பித்த மியூசியம் இன்றைக்கும் பெரிஸ் என்ற ஊரில் இருக்கிறது, 2019-லிருந்து அதற்கு தெற்குக் கலிஃபோர்னியா ரயில்வே மியூசியம் என்று பெயர். அங்கே 1920-களில் கட்டிய சிவப்பு வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம்.

2023 ஜூலையில் மறுபடி லாஸ் ஏஞ்சலஸ் போனேன். ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவில் ஒரு நாள் ஓட்டை கிடைத்தது. ஜூன் 16-ந் தேதிதான் நகர மையத்துக்கு அடியில் புதுச் சுரங்கப்பாதை திறந்திருந்தார்கள். யூனியன் ஸ்டேஷனில் ஏறினால் மாறாமல் லாங் பீச் போய்விடலாம். இப்போது ஏ லைன் என்று பெயர், 1990 ஜூலையில் திறந்தபோது ப்ளூ லைன். அதில் ஒரு பெரிய பகுதி பழைய லாங் பீச் சிவப்பு வண்டிப் பாதையேதான். பயணி வண்டி நின்றாலும் சரக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த நிலம் பிளாட் போடப்படாமல் பிழைத்தது. 29 வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி மின்கம்பி. 2025 செப்டம்பரில் இந்த லைன் வடகிழக்கே பொமோனா வரை நீண்டுவிட்டது.

103-வது தெரு, வாட்ஸ் ஸ்டேஷனில் இறங்கினேன். பக்கத்திலேயே 1904-ல் மரத்தில் கட்டிய பசிஃபிக் எலெக்ட்ரிக் ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. 1965 கலவரத்தில் இந்தத் தெரு முழுக்க எரிந்து கரியானது. இந்தச் சின்ன மரக்கட்டடம் மட்டும் எப்படியோ தப்பியது. கொஞ்ச தூரத்தில் சைமன் ரோடியா என்ற இத்தாலியத் தொழிலாளி 1921-லிருந்து 33 வருஷம் தனி ஆளாகக் கட்டிய வாட்ஸ் கோபுரங்கள். கம்பி, சிமென்ட், உடைந்த பீங்கான், பாட்டில் துண்டுகள். சிவப்பு வண்டியில் போனவர்களுக்கெல்லாம் ஜன்னல் வழியே தெரிகிற மாதிரிதான் அந்த இடம். பழைய ஸ்டேஷன் முன்னால், புது வண்டி பின்னால் வருகிற மாதிரி நின்று காத்திருந்தேன். முதல் வண்டி தப்பு, முகப்பில் ஊர்ப் பெயர் விழவே இல்லை. எல்.இ.டி. எழுத்துக்கள் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரியும், வேகமான ஷட்டரில் வெறும் கறுப்புப் பலகைதான் வரும். 1/100-க்கு இறக்கணும். மூன்றாவது வண்டியில் சரியாக அமைந்தது. நம்பர், சக்கரம், சூரியன் எல்லாம் அதனதன் இடத்தில்.

ரயிலுக்குள்ளிருந்து எடுப்பது தனி வித்தை. சர்ஃப்லைனரில் தெற்கே போகும்போது வலது பக்கம், மேல் மாடி ஜன்னல் பிடிங்க. சான் கிளெமென்டே கிட்ட தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மட்டும்தான். (2021-க்குப் பிறகு மண் சரிந்து அந்தப் பாதையைப் பலமுறை மூடியிருக்கிறார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளவும்.) லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், படம் முழுக்க உங்க தொந்திதான் கடல் மேல் மிதக்கும். அனுபவம்.

இன்னொரு அனுபவமும் உண்டு. ஊர் பேர் வேண்டாம். ஒரு ஸ்டேஷனில் ஒரு பாதுகாவலர் என்னை நிறுத்தி, எதுக்கு ரயிலைப் படம் எடுக்கறே, எந்த நாடு, எங்கே தங்கியிருக்கே என்று கேட்டு, கடைசியில் படங்களை அழிக்கச் சொன்னார். நிறமும் பெயரும் நம்ம கைல இல்லையே. அழித்தேன். பதினோரு படம். வாயைத் திறந்து சட்டம் பேசியிருக்கலாம் என்று ஹோட்டலுக்குத் திரும்பி வந்த பிறகு தோன்றியது. ரயில் படம் எடுக்கிறவர்கள் மேல் சந்தேகம் புதுசு இல்லை, யுத்த காலத்திலும் இருந்தது. 2001-க்குப் பிறகு மறுபடி வந்தது. 2004-ல் நியூயார்க் சப்வேயில் படம் எடுப்பதையே தடை செய்யப் பார்த்தார்கள். ஆட்கள் கேமராவோடு கூட்டமாக சப்வேயில் ஏறிப் படம் எடுத்துத் தள்ளினார்கள், 2005-ல் அந்த யோசனை கைவிடப்பட்டது. 2008 டிசம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. நியூயார்க் பென் ஸ்டேஷனில் ஒருவரை ஆம்ட்ராக் போலீஸ் கைது செய்தது. அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தது ஆம்ட்ராக்கே நடத்திய புகைப்படப் போட்டிக்கு!

கோடாக்ரோமைக் கழுவிக்கொடுத்த கடைசி லேப் கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்தது. 2010 டிசம்பர் 30-ந் தேதியோடு அங்கேயும் நிறுத்தினார்கள். கடைசி நாட்களில் ஆர்கன்சாஸிலிருந்து ஒரு ரயில்வே தொழிலாளி கார் ஓட்டிக்கொண்டு வந்து தன் படங்களை வாங்கிப் போனதாகப் பத்திரிகையில் வந்தது. எத்தனை ரோல் தெரியுமா? 1,580. கூலி 15,000 டாலருக்கு மேல். எல்லாமே ரயில் படங்கள்! அவர் வீட்டுத் தங்கமணி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தபடியே அந்தச் செய்தியை என் வீட்டில் படித்துக் காட்டினேன். "நல்லவேளை, உங்களது டிஜிட்டல்" என்றார்.

இப்போ கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

சான் டியேகோவில் அந்தப் பெரியவர் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஊர்ல சின்ன வயசுல எந்த ரயில்ல போனீங்க? படம் வச்சிருக்கீங்களா?"

மீட்டர்கேஜ் மின்சார ரயில். மெட்ராஸ் பீச்சிலிருந்து தாம்பரம், 1931-ல் ஆரம்பித்தது. காலேஜ் போன மூணு வருஷமும் தினம் அதில்தான், மாம்பலத்தில் ஏறி. அந்தச் சக்கரம் பாயின்ட் மாறும்போது வரும் சத்தம், வாசல் கம்பியின் குளிர், சைதாப்பேட்டை தாண்டி வரும் ஆற்று நாத்தம் எல்லாம் இன்னும் இருக்கு. 2004 ஜூலையில் அந்த மீட்டர்கேஜ் சேவை நின்றபோது நான் அமெரிக்காவில் பொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு படம் கிடையாது. அதுக்கு முன்னாடி தலைமுறை, தாத்தா மெட்ராஸ் டிராமில் ஆபீஸ் போனவர். 1895-லிருந்து 1953 வரை ஓடிய டிராம். அவரிடமும் கிடையாது. எங்க வீட்டில் கல்யாண ஆல்பம் ஏழு இருக்கு.

பெரியவரிடம் "இல்லை" என்றேன். "என்ன நிறம்?" என்றார். பச்சை என்றேன். அன்றைக்கு ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டால், "போடா, மஞ்சள்டா" என்கிறான். அம்மா வேற ஒண்ணு சொன்னாங்க. மூணு பேரும் தினம் ஏறி இறங்கின ரயில்.

இதைப் படிக்கிற மக்களில் யார் வீட்டிலாவது, பரண் மேல, பழைய பெட்டியில், 2004-க்கு முன்னாடி மாம்பலம், கோடம்பாக்கம், எழும்பூர் பக்கம் எடுத்த படம் இருந்தால் கொஞ்சம் தேடிப் பாருங்க. ரயிலுக்காக எடுத்த படமா இருக்கணும்னு இல்லை. ஊருக்குப் போன மாமாவை வழியனுப்பின படம், காலேஜ் குரூப் போட்டோ, எதுவானாலும் சரி. பின்னாடி ஒரு ஓரத்தில் வண்டி பாதி தெரிந்தால் போதும். ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. பின்னால எழுதியிருக்கிற தேதியையும் சேர்த்து. நம்பர் தெரிஞ்சா, உங்களுக்கு என் கையால ஃபில்டர் காப்பி.